முன்னால் அமரும் பிள்ளை



சென்ற கோடை விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை எங்கே அழைத்துச் சென்றீர்கள்? இந்தக் கேள்வியை நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் கேட்டதுண்டு. சொந்த ஊருக்குப் போனோம், உறவினர் திருமணத்திற்குப் போனோம், கடைத் தொகுதி ஒன்றைச் சுற்றிப் பார்த்தோம் என்பதே பெரும்பாலும் வரும் பதில். வேலை தேடி மும்பைக்கும் டில்லிக்கும் பெங்களூருக்கும் வந்து, ஓர் அறையும் சமையற்கட்டுமாக வாழ்வைத் தொடங்கியவர்கள் நாம். விடுமுறைக்கென்று ஒதுக்கக் காசும் இல்லை, நாளும் இல்லை. ஆகையால் அந்தப் பதிலில் குற்றம் காண எனக்கு மனமில்லை.

ஆயினும் ஒன்றை மட்டும் கேட்கிறேன். தாமிரபரணியில் குதித்து நீந்திய தகப்பனுக்கும், குளத்தங்கரையில் கொக்கைப் பார்த்து வளர்ந்த தாய்க்கும் பிறந்த பிள்ளை, பன்னிரண்டு வயதுவரை ஓர் ஆற்றில் கால் நனைத்ததில்லை என்றால், அங்கே எது அறுந்துபோயிற்று? நாம் நேசித்த ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் விட்டுவிட்டோம் அல்லவா? சொத்தும் நகையும் எழுதிவைத்தால் போய்ச் சேரும். நேசம் அப்படிப் போய்ச் சேருவதில்லை. அதைக் கூடவே நடந்துதான் கொடுக்க வேண்டும். இதை நன்கு அறிந்த இருவரைப் பற்றியும், அவர்கள் நேசித்த ஏரிக் காட்டைப் பற்றியும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா நாட்டின் எல்லையை ஒட்டிச் சுமார் 240 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு காடு கிடக்கிறது. பவுண்டரி வாட்டர்ஸ் என்பது அதன் பெயர். பத்து இலட்சம் ஏக்கருக்கும் அதிகமான பரப்பு. அதற்குள் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஏரிகள். பனியுகத்தில் பனிப்பாறைகள் நகர்ந்து நகர்ந்து குடைந்த பள்ளங்களில் நீர் நிறைந்து உண்டான ஏரிகள் அவை. எல்லைக்கு அப்பால் கனடாவில் குவெட்டிக்கோ என்னும் பூங்கா, அதே ஏரிகளும் அதே பாறைகளுமாகத் தொடர்கிறது. இந்தக் காட்டின் உள்ளே சாலை கிடையாது. அங்கே போகிறவர்களில் பெரும்பாலோருக்கு வாகனம் கேனோ என்னும் ஓடமே.

கேனோ என்பது இருபுறமும் கூரிய முனையுடைய, குறுகிய, நீண்ட ஓடம். ஒற்றை அலகுள்ள துடுப்பைக் கையில் பிடித்து, முன்னோக்கி அமர்ந்தோ முழந்தாளிட்டோ செலுத்துவார்கள். அந்நாட்டின் ஆதிக்குடிகளில் ஒருவராகிய ஓஜிப்வே மக்கள் இதைப் பூர்ச்ச மரப்பட்டையால் செய்தார்கள். தேவதாரு இனத்து மரத்தை மெலிதாகப் பிளந்து வளைத்து விலா எலும்புகளாக வைத்து, ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் வேரால் தைத்து, அதன் பிசினைக் காய்ச்சித் தையல்களில் பூசினார்கள். ஆணி ஒன்றுகூட வேண்டியதில்லை. பட்டை கிழிந்தால், அதை ஒட்டுவதற்கான பொருள் கரையிலேயே நின்றது. நம் முன்னோர் மரங்களைக் கட்டிக் கடலில் செலுத்திய கட்டுமரத்தின் பெயர் ஆங்கிலத்திற்குள் போனதை நாம் பெருமையாகச் சொல்லுகிறோம். அதே பெருமை ஓஜிப்வே மக்களுக்கும் உண்டு. இன்று ஓடம் அலுமினியத்திலும் நவீன இழைகளிலும் செய்யப்பட்டாலும், அதன் வடிவம் அவர்கள் தந்ததே.

ஓர் ஏரி முடிந்தவுடன் அடுத்த ஏரி தொடங்கிவிடாது. நடுவே பாறையும் சேறும் மேடும் கிடக்கும். அப்போது ஓடத்திலிருந்து இறங்கி, மூட்டைகளை முதுகில் ஏற்றி, ஓடத்தையே தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இந்தச் சுமைவழிக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். அதன் தூரத்தை இன்றும் ராட் என்னும் பழைய அளவில் குறிக்கிறார்கள். ஒரு ராட் பதினாறரை அடி. ஏறக்குறைய ஓர் ஓடத்தின் நீளம். விலங்குத் தோல் வணிகம் நடந்த காலத்தில், கூலிக்கு ஓடம் செலுத்தியவர்கள் ஒவ்வொருவரும் தலா 90 பவுண்டு எடையுள்ள இரண்டு பொதிகளை, அதாவது 80 கிலோவுக்கும் மேலான சுமையை, ஒரே நடையில் தூக்கிச் சென்றார்கள். கிராண்ட் போர்ட்டேஜ் என்னும் சுமைவழி மட்டும் எட்டரை மைல் நீளமுடையது.

இப்போது நான் சொல்லவந்த காரியத்திற்கு வருகிறேன். இருவர் செல்லும் ஓடத்தில் முன்னால் அமருகிறவர் ஒருவர், பின்னால் அமருகிறவர் ஒருவர். முன்னிருப்பவர் வேகம் கொடுக்கிறார். நீருக்கடியில் மறைந்திருக்கும் பாறையை முதலில் காண்கிறவரும் அவரே. பின்னிருப்பவர் திசையைக் காக்கிறார். ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டால் ஓடம் மறுபக்கம் திரும்பிவிடும். ஆகவே ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் அவர் துடுப்பின் அலகைச் சற்றே வெளிப்புறமாகத் திருப்பி, ஓடத்தை நேர்ப்படுத்துவார். ஆங்கில எழுத்து ஜே போல் வளையும் அந்த வீச்சைக் கற்றுக்கொள்ளவே பலருக்கும் பல நாட்கள் ஆகும்.

பெற்றோரும் பிள்ளையும் ஒரே ஓடத்தில் போகும்போது, பிள்ளையையே முன்னால் அமர்த்துகிறார்கள். ஏன் தெரியுமா? பெரியவரின் எடை பின்னால் இருந்தால்தான் ஓடத்தைத் திருப்ப முடியும். மூட்டைகளை முன்பக்கமாகத் தள்ளி வைத்து எடையைச் சமன்செய்துகொள்வார்கள். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். வளைவு திரும்பியவுடன் தெரியும் மானையும், நீருக்குள் மூழ்கும் லூன் என்னும் பறவையையும் முதலில் காண்பது பிள்ளை. "அப்பா, அதோ!" என்று அது சொல்ல, தகப்பன் இரண்டாவதாகக் காண்கிறான். நம் வீடுகளில் நாம் முன்னால் நின்று, "இப்படிச் செய், அப்படிச் செய்" என்று பிள்ளையின் கண்ணை மறைத்துவிடுகிறோமே! பின்னால் அமர்ந்து, சத்தமில்லாமல் திசையைத் திருத்துவது நமக்கு எவ்வளவு கடினமாயிருக்கிறது!

இந்தக் கலையைத் தம் பிள்ளைகளுக்கும், அவர்கள் வழியாக ஒரு நாட்டுக்கும் கற்றுக்கொடுத்தவர் பில் மேசன். 1929ஆம் ஆண்டு கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்தவர். விளம்பர ஓவியராக வாழ்வைத் தொடங்கி, பின்பு கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திற்காகப் படங்கள் எடுத்தார். சிறுவன் ஒருவன் மரத்தில் செதுக்கிய சின்ன ஓடம் கடல்வரை போகும் கதையை 1966இல் படமாக்கினார். அது ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. துடுப்புப் போடும் முறையைக் கற்பிக்கும் படங்களை 1977இல் வெளியிட்டார். இருவர் செலுத்தும் பாடத்தில் தம் மகன் பாலையே உடன் அமர்த்திக்கொண்டார். மகள் பெக்கி வளர்ந்து, தகப்பனைப் போலவே ஓவியராகவும் ஓடம் செலுத்தக் கற்பிக்கிறவராகவும் ஆனார். 1988இல் மேசன் மறைந்தார். சிவப்புக் கித்தான் போர்த்திய அவருடைய ஓடத்தை அந்நாட்டவர் இன்றும் நினைவுகூருகிறார்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியே காட்டுக்குப் போயிருந்தால், இந்தத் தொடர்ச்சி உண்டாகியிருக்குமா?

மற்றவர் சிகர்ட் ஓல்சன். 1899ஆம் ஆண்டு சிகாகோ நகரில், சுவீடன் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். தகப்பன் ஒரு பாப்டிஸ்ட் போதகர். ஊழியம், விவசாயம், ஆசிரியப் பணி ஆகிய மூன்றே மனிதனுக்குத் தகுந்த வேலைகள் என்பது அவருடைய உறுதியான எண்ணம். மகனுக்கோ காட்டின்மேல் தீராத ஆசை. மகன் ஆசிரியரானார், மின்னசோட்டாவின் ஈலி என்னும் சுரங்க நகரத்தில் குடியேறி, கோடைக்காலங்களில் ஓடப் பயணிகளுக்கு வழிகாட்டியாகச் சென்றார். அங்கிருந்த கல்லூரியின் தலைமைப் பொறுப்புக்கும் உயர்ந்தார். ஆனால் உள்ளம் எழுத்தை நாடியது. 1947இல், 48 வயதில், நிலையான அந்த வேலையை விட்டார். அவருடைய முதல் புத்தகம் 1956இல்தான் வெளிவந்தது. அப்போது வயது 57! தகப்பன் வகுத்த மூன்று வேலைகளுக்கும் வெளியே அவர் நடந்தது உண்மை. ஆனாலும் ஆயிரக்கணக்கானோருக்கு அந்த ஏரிகளைக் காணக் கண்கொடுத்தது அவருடைய எழுத்து.

நேசித்ததற்காக அவர் கொடுத்த விலையும் உண்டு. அந்த ஏரிகளில் இயந்திரப் படகுகளையும் மரம் வெட்டுதலையும் கட்டுப்படுத்தும் சட்டம் பேசப்பட்டபோது, 1977ஆம் ஆண்டு ஜூலையில் ஈலி நகரத்திலேயே பொது விசாரணை நடந்தது. ஊரார் பலருக்குப் பிழைப்பு அந்தக் காட்டில்தான் இருந்தது. அவர்களுடைய அச்சம் பொய்யானதல்ல. கோபம் கொண்டவர்கள் ஓல்சனின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டுத் தொங்கவிட்டார்கள். 78 வயது முதியவர், தாம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஊரில், தம் அண்டை வீட்டார் கூச்சலிடும் நடுவே எழுந்து நின்று சாட்சி சொன்னார். அடுத்த ஆண்டு, 1978 அக்டோபரில், குடியரசுத் தலைவர் கார்ட்டர் அச்சட்டத்தில் கையெழுத்திட்டார். ஓல்சன் அவ்வூரை விட்டுப் போகவில்லை. 1982 ஜனவரியில், பனியில் நடக்கும் காலணிகளை அணிந்து வெளியே சென்றபோது, தம் வீட்டருகே அவர் உயிர் நீத்தார்.

போராட்டம் அதோடு முடியவில்லை. அந்தக் காட்டுக்கு அருகே செம்பும் நிக்கலும் புதைந்திருக்கின்றன. நீர் கெட்டுவிடும் என்ற அச்சத்தால், சுமார் 2,25,000 ஏக்கர் நிலத்தில் 20 ஆண்டுகளுக்குப் புதிய சுரங்க உரிமம் கூடாதென்று 2023இல் அரசு ஆணையிட்டது. அத்தடையை நீக்கும் முயற்சிகளும் பின்னர் எழுந்தன. ஒரு தலைமுறை காத்ததை அடுத்த தலைமுறை காக்காவிட்டால், சட்டம் வெறும் காகிதமே. ஏரியைக் கண்டறியாத பிள்ளை, அதற்காக எழுந்து நிற்குமா?

அங்கே முகாமிடும் முறையிலும் நமக்குப் பாடம் உண்டு. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது. ஓடங்கள் நான்கிற்கு மேல் கூடாது. தகரப் புட்டிகளிலும் கண்ணாடிக் குப்பிகளிலும் உணவோ பானமோ கொண்டுபோகத் தடை. இரும்புக் கம்பித் தட்டு பதித்த குறிப்பிட்ட இடங்களில்தான் தங்கவும் தீ மூட்டவும் வேண்டும். கரடி வாராதபடி உணவைப் பத்திரப்படுத்த வேண்டும். கொண்டுபோன குப்பை அனைத்தையும் திரும்பச் சுமந்து வர வேண்டும். வழிகாட்டிப் பலகைகள் இல்லாததால் வரைபடமும் திசைகாட்டியும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மிதவை அங்கி அணியாமல் ஓடத்தில் ஏறுவது மடமை. குளிர்ந்த நீரில் விழுந்தவரின் கைகள் சில நிமிடங்களிலேயே செயலிழந்துவிடும். வனாந்தரம் சுதந்தரம் தருகிறது என்பது மெய்தான். ஆனால் ஒழுங்கை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவருக்கு அது ஆபத்தையே தரும்.

"ஐயா, அமெரிக்காவின் ஏரிக்கு நாங்கள் எங்கே போவது?" என்று நீங்கள் கேட்கக்கூடும். போக வேண்டியதில்லை. மும்பையில் வாழ்கிறவர்களுக்கு மாநகருக்குள்ளேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கிறது. டில்லிக்காரர்களுக்கு ஒக்லாவும் சுல்தான்பூரும் உண்டு. குளிர்காலத்தில் தூரதேசத்துப் பறவைகள் அங்கே வந்திறங்குகின்றன. ஒரு விடுமுறை நாளின் காலைப்பொழுது போதும். பிள்ளைக்கு ஏற்ற சிறு பையில் அதன் தண்ணீரையும் உணவையும் அதுவே சுமக்கட்டும். கைப்பேசியை உங்கள் பையின் அடியில் வையுங்கள். முதலில் அரைமணி நேரம், "எப்போது வீட்டுக்குப் போகலாம்?" என்றுதான் பிள்ளை கேட்கும். பொறுத்திருங்கள். ஒரு மரங்கொத்தியோ, எறும்புச் சாரையோ போதும், கேள்விகள் மாறிவிடும். பெயர் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்து தேடுங்கள்.

இன்னொன்று. பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதை ஆடம்பரம் என்று எண்ணாதிருங்கள். அடுத்தமுறை சொந்த ஊருக்குப் போகும்போது, நீங்கள் நீந்திய ஆற்றங்கரைக்கு அதை அழைத்துச் செல்லுங்கள். உங்கள் சிறு வயதில் அறிந்த ஆழம் இப்போது அங்கே இல்லை. மணல் அள்ளிய குழிகள் எங்கே என்று உள்ளூராரிடம் கேட்டறியாமல் யாரும் இறங்க வேண்டாம். இறங்க முடியாவிட்டாலும், கரையில் அமர்ந்து, எந்தப் படித்துறையிலிருந்து குதித்தீர்கள், யார் உங்களுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தார் என்பதைச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் பிள்ளை உட்காரட்டும். அது எதைப் பார்க்கிறதென்று நீங்கள் பின்னாலிருந்து கவனியுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.