அஞ்சறைப் பெட்டியும் உண்டிச்சாலையும்

உண்டபின் வயிறு பொருமுகிறதென்று முறையிடாத மாணாக்கர் விடுதிகளில் அரியர். அவர்தம் அலமாரியைத் திறப்பின், புளிப்பை அடக்கும் மாத்திரை ஒருபுறமும், ஆயுர்வேதம் என்னும் பெயர் பொறித்த சூரணப் புட்டி மற்றொருபுறமும் இருக்கக் காண்கிறோம். காலையுணவை விடுத்து வகுப்பிற்கு ஓடி, பகலிற் பத்து நிமிஷத்தில் விழுங்கி, பரீட்சைக் காலத்து நள்ளிரவிற் புரோட்டா உண்பாரைச் சூரணம் காக்கும் என்பது நம் முன்னோர் கருத்தன்று. இதனையே ஈண்டு வற்புறுத்த விரும்புகிறோம்.

செரிக்கும் ஆற்றலை ஆயுர்வேத நூல்கள் ஜடராக்கினி என வழங்கும். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் வயிற்றை நான்கு கூறாக்கி, இரண்டினைத் திட உணவிற்கும், ஒன்றினை நீர்ப்பொருட்கும் அளித்து, எஞ்சியதை வாயுவின் பொருட்டு வெறிதே விடுமாறு விதிக்கின்றது. திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் பசித்தீயின் அளவறியாது உண்பாரைக் கடிகின்றார். ஆயின் கடைச்சரக்கு ஒன்றின் பெயரையேனும் அங்குக் கூறினாரல்லர். அளவும் காலமும் முன்னே, சரக்கு பின்னே.

இனிச் சரக்கிற்கு வருவோம். சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் சேர்ந்த திரிகடுகம், கீழ்க்கணக்கு நூலொன்றிற்கே பெயராய் அமைந்தது. அம்மூன்றோடு பெருங்காயம், ஓமம், இந்துப்பு, இருவகைச் சீரகம் ஆகியவை கூடின் ஹிங்வஷ்டக சூரணமாம். அதனை நெய்யிற் கலந்து முதற் கவளத்தோடு உண்பதே விதி. அஃதாவது, மருந்து சோற்றோடு சோறாகவே சென்றது. நம் இல்லங்களின் மிளகுசாறும், சீரகமும் பெருங்காயமும் இட்ட பருப்பும் இம்முறையின் எளிய வடிவங்களே. மிளகாயைப் பழமையெனக் கருதுவாரும் உளர். அது போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்காக் கண்டத்தினின்று வந்தது. சரகரும் சுசுருதரும் அதனை அறியார். பெயரும் மிளகினிடம் கடன் வாங்கியதே! இன்று விடுதிச் சாற்றில் மிளகு மெலிந்து, மிளகாய்ப் பொடி அரசாள்கின்றது.

இக்காலத்து ஆராய்ச்சியும் சிலவற்றிற்குச் சான்று பகர்கின்றது. இஞ்சி குமட்டலைத் தணிக்கும். மஞ்சளிலுள்ள குர்குமின் உடலிற் சேர்வதை மிளகின் பைப்பரின் இருபது மடங்கு மிகுவித்ததாகப் பெங்களூர் ஆராய்ச்சியாளர் 1998-ல் வெளியிட்டனர். ஆயினும் அதே பைப்பரின் வேறு சில மருந்துகளையும் அளவிற்கு மிஞ்சிச் சேரச் செய்யக்கூடும். சாற்றிலுள்ள மிளகிற்கு அஞ்சவேண்டுவதில்லை. செறிவூட்டிய குளிகைகளை உண்போர் தம் வைத்தியரிடம் அதனை மறையாது கூறுதல் வேண்டும்.

அனைத்திற்கும் சுக்குக் கஷாயமே போதுமென்பாரோடு நாம் உடன்படோம். இரைப்பைப் புண்ணோடு தொடர்புடைய கிருமியொன்றை மார்ஷல், வாரன் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் 1982-ல் வளர்த்துக் காட்டினர். 2005-ல் நோபெல் பரிசும் பெற்றனர். அக்கிருமியை ஒழிக்கத் தக்க மருந்துகள் உள. மலம் கறுத்தோ குருதி கலந்தோ போயினும், காரணமின்றி உடல் மெலியினும், அஞ்சறைப் பெட்டியை மூடிவிட்டு மருத்துவமனை செல்க. அங்ஙனம் செல்லாது மாதக்கணக்கிற் கஷாயம் குடிப்பது ஆயுர்வேதத்திற்குச் செய்யும் மரியாதையாகாது.

விடுதி உணவுக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். அன்றன்று இடித்த மிளகு சீரகத்தாற் சாறு வைக்கலாம். இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் இட்ட நீர்மோர் பகலில் அளிக்கலாம். கிரகணி நோய்க்கு மோரைச் சரகர் சிறப்பித்துள்ளார். இவற்றிற்குச் செலவு மிகுதியன்று. அரிதாவது காலமே. பகலிடைவேளை குறுகியிருக்குமிடத்து மாணவர் மெல்லாது விழுங்குவர். அவ்விடைவேளையைக் கால்மணி நேரம் நீட்டுமாறு கலாசாலை அதிகாரிகளைக் கேட்பது, விழாநாளில் இனிப்பொன்று கூட்டுமாறு கேட்பதினும் நன்று.