சோம்பல் என்னும் பொய்க் காரணம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், கோயில் வீதியிலும் கச்சேரி வாசலிலும், படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி வழங்கிவரும் ஓர் அபிப்பிராயம் உண்டு. வட்டையிலே நெல்லும் வாவியிலே மீனும் பட்டியிலே பாலும் நிறைந்த இப்பிரதேசத்தில் ஒருவன் பட்டினி கிடந்தால் அது அவனுடைய சோம்பலுக்குக் கிடைத்த கூலியே என்பதும், அவனுக்கு இனாமாகச் சோறு போடுவது அந்தச் சோம்பலைப் போஷிப்பதாகும் என்பதும் அதன் சாரம். பசி தீர்க்கும் தொண்டு செய்யக் கிராமங்களுக்குப் புறப்படும் இளைஞருக்கும் முதலில் இந்த உபதேசமே செய்யப்படுகிறது. கேட்பதற்கு நீதி போலத் தோன்றும் இக்கருத்து உண்மைக்கு மாறானது மட்டுமன்று, பசித்தவன் தலையில் பழியையும் ஏற்றுவதால் கொடியதும் ஆகும்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் சோம்பியிருப்பவன் யார் என்று தேடப் புகுவோர் பெரும்போகத்தின் போக்கை ஒரு வருஷமாவது கூட இருந்து பார்த்திருத்தல் வேண்டும். புரட்டாதி, ஐப்பசியில் உழுது விதைத்து, கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை இறங்கி, வாய்க்காலும் வயலும் வாவியும் ஒரே வெள்ளமாகிப் பாதைகள் அறுந்து, கூலிவேலை என்பதே அற்றுப்போன பின்னர், தை பிறந்து கதிர் முற்றும்வரை உலையேற்றுவதற்குக் கடைக்காரரின் கடன் கொப்பியைத் தவிர வேறு கதியில்லாதிருக்கும் குடும்பங்கள் எவையோ, அவையே அந்த நெல்லை விளைவிக்கும் குடும்பங்கள். களத்தில் நெல் குவிந்து விலை மலிந்திருக்கும் வேளையில் கடனுக்காக அதை அளந்து கொடுத்துவிட்டு, சில மாதங்கள் சென்றபின் அரிசியை ஏறிய விலைக்கு வாங்கி உண்பவர்களும் அவர்களே. காணி நிலச்சொந்தக்காரரான போடியாருடையது, விதைநெல்லும் உழவுச் செலவும் கடன், முன்பு பல கைகளுக்குக் கிடைத்த அறுவடைக் கூலியை, போர் ஓய்ந்தபின் எங்கும் பரவிய அறுவடை இயந்திரம் கொண்டுபோயிற்று. வாவியில் வீச்சுவலை வீசுபவனோ, வலைக்கு முற்பணம் தந்த முதலாளி சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்கிறான். இவர்களிடத்தில் குறைந்திருப்பது உழைப்பன்று. தேவைக்கு மிஞ்சி நெல் விளையும் இம்மாவட்டத்தில், 2016ஆம் ஆண்டின் அரசாங்கக் கணிப்பின்படி நூற்றுக்கு 11.3 பேர் வறியவர். நாடு முழுவதற்குமான விகிதமோ 4.1 மாத்திரமே.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஓர் ஆணையினால் தடுக்கப்பட்டது. அடுத்த பெரும்போகத்தில் இலங்கையின் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. மறு ஆண்டில் 63 இலட்சம் மக்கள் போதிய உணவின்றித் தவிப்பதாக ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்கள் அறிவித்தன. ஒரே போகத்துக்குள் இத்தனை இலட்சம் பேரும் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று சொல்லத் துணிபவர் இருக்கிறார்களா?

இனாம் அரிசி மனிதனைக் கெடுக்கும் என்ற வாதத்தையும் இத்தீவு தன் சரித்திரத்தால் மறுத்திருக்கிறது. உலக யுத்தத்தின்போது 1942இல் தொடங்கிய பங்கீட்டு அரிசி, இனாமாகவும் மலிவாகவும், 1979இல் உணவு முத்திரை வரும்வரை வீட்டுக்கு வீடு சென்றது. சிசு மரணம் குறைந்ததும், பள்ளிகள் நிறைந்ததும், நெல் உற்பத்தி இரு மடங்குக்கு மேல் பெருகியதும் அந்தக் காலத்திலேதான். சிசு மரணம் குறைந்ததில் மலேரியா ஒழிப்புக்கும் பங்குண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பங்கீட்டு அரிசி உண்டவன் கலப்பையைக் கீழே வைத்தான் என்பதற்கு அத்தாட்சி எங்கே? சுனாமிக்குப் பின் நிவாரணப் பொருள்கள் மக்களைக் கெடுத்தன என்று இன்றும் பேசப்படுகிறது. கெட்டது விநியோகம், தோணியும் வலையும் கிடைத்தவுடன் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையின் மீனவர் கடலுக்குத் திரும்பினர்.

உழைப்பே சோற்றுக்கு உத்தரவாதம் என்றால், நூற்றாண்டுக்கு மேல் தேயிலை பறித்து இந்நாட்டின் திறைசேரியை நிரப்பிய மலையகத் தமிழர், 1973, 1974இல் தோட்டங்களில் பட்டினியால் மாண்டது எதனால்? அந்த மக்களே 1977 வன்செயலால் துரத்தப்பட்டு வடகிழக்குக்கு வந்தபோது, அவர்களை வரவேற்றவர்களுள் காந்தீயம் இயக்கத்து இளைஞரும் இருந்தனர். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் எஸ். இராஜசுந்தரமும் நடத்திய அவ்வியக்கத்தில் பயின்ற வாலிபரும் யுவதிகளும் வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களில் அகதிகளைக் காணிகளில் குடியமர்த்தவும், பயிர் செய்யத் துணை நிற்கவும், சிறுவர் பள்ளிகள் நடத்திக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கவும் முன்வந்தார்கள். சுறுசுறுப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்ய அவர்கள் போகவில்லை. உழைத்துக் களைத்த ஜனங்களுக்கு வேண்டியிருந்தது உபதேசமன்று, மண்ணும் விதையும், முதல் அறுவடை வரைக்குமான ஆகாரமும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவை நான் வணங்குகிறேன். 1983 ஏப்ரிலில் தலைவர்கள் இருவரும் கைதாயினர். ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொலையுண்டார். மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்ட டேவிட், செப்டெம்பர் சிறையுடைப்பில் வெளியேறினார். பசித்தவனுக்கு நிலம் தேடிக் கொடுத்த வேலை, அவனைச் சோம்பேறி என்று ஏசும் வேலையைப் போல ஆபத்தில்லாததாக இருக்கவில்லை.

இன்று பல்கலைக்கழகம் முடித்துப் பிரதேச செயலகங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் வரும் இளைஞர், பயனாளிகளின் மனப்பான்மையை மாற்றுவது எப்படி என்ற பயிற்சி வகுப்போடு அனுப்பப்படுகிறார்கள். அந்த வகுப்பை விட்டுவிட்டு அவர்கள் கிராமத்துக் கடன் கொப்பிகளைப் படிக்கட்டும். ஏக்கருக்கு எத்தனை மூட்டை குத்தகை, எந்த மாதத்தில் கூலி நிற்கிறது, விதைநெல்லுக்கு வட்டி என்ன என்று பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கார்த்திகை மழைக்கு முன்னரே பாலர் பாடசாலைகளில் கஞ்சிக்கு ஏற்பாடு செய்வதும், வட்டியின்றி விதைநெல் கடன் கொடுக்கும் களஞ்சியம் ஒன்றை ஊரவர் கையிலேயே அமைப்பதும் அவர்களால் ஆகக்கூடிய காரியங்கள். குத்தகையை வரையறுக்க 1958இலேயே அப்போதைய விவசாய அமைச்சர் பிலிப் குணவர்த்தன நெற்காணிச் சட்டம் கொண்டுவந்தார். உரிமை கேட்ட குத்தகைக்காரர் பலர் அதன் பின்னர் வயலிலிருந்தே வெளியேற்றப்பட்டனர். ஆதலால் ஒவ்வொரு வட்டையிலும் குத்தகை உடன்பாடு எழுத்தில் பதியப்படும்வரை இந்த இளைஞர் கமநல சேவை நிலையத்தின் வாசலை விட்டு நகரலாகாது.