நாற்பது நாளின் அருமை

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பது நம் மூத்தோர் வாக்கு. பேறு நிகழும் வேளையில் தாய்க்கு என்ன நேருமோ என்று வீடே அஞ்சி நிற்கின்றது. பிள்ளையின் குரல் கேட்டதும் அச்சம் நீங்கிவிடுகின்றது, கற்கண்டு வழங்குகின்றோம், பிள்ளை யாரைப் போல இருக்கின்றது என்று பேசத் தொடங்குகின்றோம். ஆனால், மறுபிறவி எடுத்தவளும் அன்று பிறந்த குழந்தையைப் போன்றவளே அன்றோ? அவளைப் பேண வேண்டிய காலம் அப்போதுதான் தொடங்குகின்றது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பேற்றுக்குப் பின்வரும் அந்நாள்களைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகின்றேன்.

பிள்ளை பிறந்தவுடன் தாயின் கருப்பை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுடையதாய் இருக்கும். அது நாளுக்கு நாள் சுருங்கி, ஆறு வாரத்தில் 60 கிராம் அளவுக்கு வந்து தன் பழைய நிலையை அடையும். இவ்வளவு பெரிய வேலையை உடம்பு ஓசையின்றிச் செய்கின்றது. வைத்திய நூல்கள் கூறும் 42 நாளும் நம் முஸ்லிம் இல்லங்களில் எண்ணப்படும் நாற்பது நாளும் ஏறக்குறைய ஒன்றாய் இருத்தலை நோக்குக. நிபாஸ் எனப்படும் உதிரப்போக்கு நீடிக்கும் வரை தொழுகையும் நோன்பும் தாய்மீது கடமையல்ல என்பது மார்க்க விதி. இந்துக்களாகிய நாங்கள் முப்பத்தொரு நாள் துடக்குக் காக்கின்றோம். பெயர் வேறாயினும் பயன் ஒன்றே: அந்நாள்களில் அவளை வேலைக்கு அழையாதிருத்தல்.

நம் கரையோர வழக்கு

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களில் மகளுக்கு மணம் முடிக்கும்போது பெற்றோர் வீட்டையே அவளுக்குக் கொடுக்கின்றனர். மருமகன் அங்கு வந்து வாழ்கின்றான். குடியும் தாய்வழியே எண்ணப்படுகின்றது. சாய்ந்தமருது, நிந்தவூர் முஸ்லிம்களுக்கும் காரைதீவு, பாண்டிருப்புத் தமிழர்களுக்கும் இது பொதுவான வழக்கு. 1969 தொடங்கி அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியுள்ளார். வீடு கொடுத்தல் பெண்ணைப் பெற்றோர்க்குப் பெருஞ்சுமையாவதை நான் மறக்கவில்லை. அது வேறொரு வாரத்துக்குரிய பொருள். ஆயினும் பேறுகாலத்தில் இவ்வழக்கால் விளையும் நன்மை பெரிது. உம்மாவும் மூத்தம்மாவும் வீட்டிலேயே உள்ளனர். சாச்சிமார் அடுத்த வளவில் உள்ளனர். தாகம் எடுத்தால் கேட்பதற்கு அவள் கூசவேண்டியதில்லை. வேறு பல நாடுகளில் பிள்ளை பெற்றவள் சில நாள்களில் தனியே அடுப்பங்கரைக்குத் திரும்ப நேர்வதை எண்ணுமிடத்து, இஃது எத்தகைய செல்வம் என்பது விளங்கும்.

ஓய்வும் உணவும்

ஓய்வு என்பது அசையாது கிடத்தலன்று. பேற்றுக்குப் பின் குருதி உறையும் தன்மை மிகுந்திருக்கும். படுக்கையிலேயே கிடந்தால் காலின் நாளங்களில் குருதி கட்டியாகிவிடக்கூடும். ஆகவே முதல் நாள் தொட்டே வைத்தியரின் சொற்படி எழுந்து மெல்ல நடத்தல் நன்று. கிணற்றில் நீர் அள்ளுதல், நெல்மூடை நகர்த்துதல், குந்தியிருந்து துணி துவைத்தல் ஆகியவையே விலக்கத்தக்கன. பிள்ளை உறங்கும்போது தாயும் உறங்குக. வயிறு அறுத்துப் பிள்ளை எடுக்கப்பெற்றவள் பிள்ளையைவிடப் பாரமான எதனையும் தூக்கலாகாது.

உணவிலே நம் மூத்தோர் வகுத்த முறை பெரும்பாலும் சிறந்ததே. பால்சுறா வறை, முருங்கையிலை, நாட்டுக்கோழி முட்டை, உள்ளியும் மிளகும் சீரகமும் சேர்ந்த சரக்குக்கறி, எள், உழுந்து, சிவப்பரிசிச் சோறு ஆகிய இவை இழந்த வலிமையை மீட்பன. பாலூட்டும் தாய்க்கு நாள்தோறும் ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக வேண்டும். ஆகையால், பத்தியம் என்ற பெயரில் அவள் கோப்பையைக் குறைத்தல் தகாது. வயிறு ஊதிவிடும் என்று தண்ணீரை அளந்து கொடுப்பதும் தவறு. தாய்ப்பாலில் 100க்கு 87 பங்கு நீரே. வைத்தியசாலையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினால் அதன் பயன் குறைந்துவிடும். தேசிக்காய் நீருடன் உண்ணல் நன்று.

குளியலும் தூய்மையும்

வேப்பிலையும் நொச்சியும் அவித்த இளஞ்சூட்டு நீரில் நீராடுதல் உடம்புக்கு இதமானதே. ஆனால் தையலிட்ட புண்ணில் இலையை அரைத்துப் பூசலாகாது. தூய நீரால் கழுவி ஈரமின்றி வைத்தலே போதும். கொதிநீரை வயிற்றில் அடித்தூற்றுதலும், மூடிய அறையில் தணற்சட்டி வைத்தலும் கைவிடத்தக்கன. தணலிலிருந்து எழும் நச்சுவாயு கண்ணுக்குத் தோன்றாது தாயையும் சேயையும் கொல்லவல்லது.

1847ஆம் ஆண்டு வியன்னா நகர வைத்தியசாலையில் செம்மல்வைசு என்னும் வைத்தியர், பேறு பார்ப்போர் சுண்ணக் குளோரைட்டுக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். சித்திரை மாதமளவில் 100க்கு 18 ஆக இருந்த தாய்மார் இறப்பு, இரண்டு மாதத்தில் 2 அளவுக்கு இறங்கிற்று. கை கழுவாமல் பிள்ளையைத் தூக்க வரும் உறவினர்க்கு இச்செய்தியை எடுத்துச் சொல்லலாம்.

பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்குதல் வேண்டும். சீம்பாலைப் பிழிந்து கொட்டுவோர் பிள்ளையின் முதல் மருந்தைக் கொட்டுகின்றனர். பிள்ளை சுவைக்கும்போது தாயின் கருப்பையும் சுருங்குவதால் உதிரப்போக்குக் குறைகின்றது. ஆறு மாதம் தாய்ப்பாலே போதும். தேனை ஓராண்டு நிரம்பும் வரை நாவில் தொட்டும் வைக்கலாகாது. அதிலுள்ள நுண்கிருமி பச்சைக் குழந்தைக்கு நஞ்சாகக்கூடும்.

கைம்மருந்து நிற்க வேண்டிய எல்லை

இயற்கை முறைகள் நலமுள்ள உடம்பைப் பேணவல்லன. நோயுற்றபோது அவற்றை நம்பிக் காலத்தை இழத்தல் உயிரை இழத்தலாகும். ஒரு மணி நேரத்துக்குள் தடித்த துணி நனையுமளவு உதிரம் போதல், உடற்சூடு 38 பாகை செல்சியசைத் தாண்டுதல், நாற்றமுள்ள கசிவு, பார்வை மங்கலோடு கூடிய கடுந்தலைவலி, வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், மூச்சுத்திணறல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் சரக்கு அரைத்துக்கொண்டிருத்தல் கூடாது. கல்முனை ஆதார வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் தொலைவிலில்லை. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி வண்டி வரும். இரவாயிற்றே என்றோ, வீட்டில் ஆண்கள் இல்லையே என்றோ, துடக்குக் கழியவில்லையே என்றோ தயங்கலாகாது.

1930களில் இந்நாட்டில் 100,000 பிள்ளைகள் உயிருடன் பிறக்கும்போது 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 2010களில் அத்தொகை 40க்குக் கீழே நின்றது. இம்மாற்றத்திற் பெரும்பங்கு, வீடு வீடாய்ச் செல்லும் குடும்பநல மாதர்க்கு உரியது. பேற்றுக்குப் பின் அவர் நான்கு முறை வருவது ஒழுங்கு. அவர் வரும்போது விருந்தினரைப் போல முன்றிலில் இருத்தித் தேநீர் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். தாயோடு தனியே பேசவிடுங்கள்.

தனியே என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. பேற்றுக்குப் பின் சில நாள் கண் கலங்குதல் இயல்பு. இரண்டு வாரம் கடந்தும் அழுகை நில்லாமை, பிள்ளைமீது பற்றின்மை, உறக்கமின்மை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை இருப்பின் அது நோய், செருக்குமன்று, பேய்க்கோளாறுமன்று. இதனைக் கண்டறிய 1987இல் எடின்பரோவில் ஆக்கப்பட்ட பத்து வினாக்கள் உலகெங்கும் வழங்குகின்றன. உறவினர் நிறைந்த வீட்டிலும் ஒருத்தி தனித்திருக்கக்கூடும். கணவர் வளைகுடா நாட்டில் உழைக்கும் இல்லங்களில் இது எளிதில் நேரும். பிள்ளை நலமா என்று பத்துப்பேர் கேட்கும் வீட்டில், நீ நலமா என்று ஒருவரேனும் அவளைக் கேட்டல் வேண்டும்; உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டென்று அவள் கூறினால் அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

அடுத்த முறை பிள்ளை பார்க்கச் செல்லும் வாசக சகோதரிகள் கையில் ஒரு பிடி முருங்கையிலை கொண்டு செல்க. நெடுநேரம் இராது, அங்குக் கிடக்கும் துணிகளைத் துவைத்துக் கொடுத்துத் திரும்புக. இளந்தந்தையர் செய்யத்தக்க பணியும் அதுவே.