தாயும் சேயும்: நாவுக்கு முன்னே செவி

“பிள்ளைக்கு ஒன்றரை வயதாகிறது. இன்னும் உம்மா என்றுகூட அழைக்கவில்லையே!” எங்கள் தெருவில் ஒரு சகோதரி சென்ற ஆண்டு கண்கலங்கி நின்றார். உடன் வந்த மாமியார், “இவன் வாப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான். இன்ஷா அல்லாஹ், தானே வரும்” என்று தேற்றினார்.

பிள்ளையின் பின்னே நின்று அவன் பெயரை மெல்ல அழைத்தேன், திரும்பவில்லை. சற்று உரக்க அழைத்தும் திரும்பவில்லை. கதவை ஓங்கிச் சாத்தினால் திடுக்கிடுகிறானே, காதில் என்ன குறை இருக்கப்போகிறது என்பது வீட்டாரின் எண்ணம். பெரும்பாலான வீடுகள் ஏமாறுவது இவ்விடத்தில்தான். கதவின் அதிர்வு எட்டும் செவிக்கு ‘ஸ’, ‘த’ போன்ற மெல்லோசைகள் எட்டாமல் போகலாம்.

தாய் வயிற்றில் ஏறத்தாழ ஆறாம் மாதத்திலேயே சிசுவுக்கு ஒலி கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள் நிறையாத குழந்தைகளும் அந்நியப் பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே நாடின என்று 1980இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

இதனினும் வியப்புக்குரியது 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு. நாம் எளிதாகப் பிரித்தறியும் ‘ட’, ‘த’ ஒலிகள் ஆங்கிலம் மட்டுமே பேசும் பெரியவர்களுள் பலருக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளில் ஆறு முதல் எட்டு மாதம் வரையுள்ளோர் பெரும்பாலும் அவற்றை வேறுபடுத்தி உணர்ந்தனர். பத்து, பன்னிரண்டு மாதங்களை எட்டியோரில் மிகச் சிலருக்கே அது இயன்றது. செவி மழுங்கிவிடவில்லை, வீட்டில் புழங்கும் மொழிக்கேற்ப மூளை தன்னைச் செதுக்கிக் கொள்கிறது. ஸீனையும் ஸாதையும் பிரித்துச் சொல்லவைக்க மக்தபில் உஸ்தாதுமார் படும் பாட்டின் காரணம் எனக்கு இதைப் படித்தபோதுதான் விளங்கிற்று!

சரி, கைப்பேசியில் பாட்டும் கதையும் ஓடவிட்டால் போதாதா? போதாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெட்ரிசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் 12 முறை நேரில் அமர்ந்து விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளை நன்கு பிரித்தறிந்தனர். அதே பேச்சைத் திரையில் கண்டோரும் ஒலிநாடாவில் கேட்டோரும் எதுவும் கற்கவில்லை. சோறூட்டும்போது திரையை அணைத்துவிட்டு, முகம் பார்த்துப் பேசுங்கள். வளைகுடாவிலிருக்கும் வாப்பா காணொளியில் அழைக்கும்போதும் அருகிலிருந்து நீங்கள் இருவரோடும் பேசுங்கள். மூன்று வயதுப் பிள்ளை மழையை ‘மளை’ என்றால் அதட்ட வேண்டாம். ழகரம் தாமதமாகவே வரும்.

மிக்ஸி ஓசைக்கும் குக்கர் விசிலுக்கும் காதைப் பொத்தி அழும் பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலோருக்கு அச்சம் வளர வளர நீங்கிவிடும். பெயர் சொல்லி அழைத்தால் பாராமை, முகம் நோக்காமை ஆகியவையும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடிக்கடி சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னே நீர் கோத்தாலும் கேள்வி மங்கும். அது சரிசெய்யக் கூடியதே. பச்சிளம் குழந்தைக்கும் கேட்கும் திறனைப் பரிசோதிக்க முடியும். உறங்கும்போதே ‘பெரா’ சோதனை செய்வார்கள். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. முற்றிலும் கேளாத குழந்தைகளுக்கான காக்ளியர் கருவி அறுவைச் சிகிச்சை, தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட தகுதியுள்ளோருக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. இதில் ஒவ்வொரு மாதமும் விலை மதிப்பற்றது. “தானே வரும்” என்று காத்திருந்தால் அம்மாதங்கள் திரும்பி வாரா.

அந்தப் பிள்ளைக்கு இரு காதுகளிலும் குறை இருப்பது சோதனையில் தெரிந்தது. காதொலிக் கருவி பொருத்திய அன்று, அவன் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தையே நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தானாம். இப்போது ‘உம்மா’ வந்துவிட்டது. ‘வாப்பா’ இன்னும் ‘பாப்பா’வாகத்தான் வருகிறது. காலையில் கருவியின் பேட்டரியை மறவாமல் சரிபார்ப்பவர், அந்த மாமியார்தான்.