பழைய கார் வாங்கப் போனோம்

ஸ்கூட்டரில் நாலு பேர் போவது தப்பு என்று நமக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் ஐந்து வருஷம் அப்படித்தான் போனோம். சின்னவனுக்கு இளைப்பு உண்டு. மழையில் நனைந்தால் அன்று ராத்திரியே நெபுலைசரை எடுக்க வேண்டியதுதான். மாமியாருக்கோ முழங்கால் வலி. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏறி இறங்குவதற்குள் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சீட்டுப் பணமும், இவர் கையில் சேர்த்ததும் சேர்ந்து 5,50,000 ரூபாய் ஆனதும், ஒரு பழைய கார் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

எஸ்.யு.வி. என்கிற உயரமான காரில் சின்ன ரகமாகப் பார்த்தோம். இதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. தாழ்ந்த காரில் உட்கார முழங்காலை நன்றாக மடக்க வேண்டும். எழுந்திருக்க அதைவிடச் சிரமம். சின்ன எஸ்.யு.வி.யில் சீட் நாற்காலி உயரத்தில் இருக்கும். எங்கள் தெருப் பள்ளங்களுக்கும் தோது. ஆனால் எல்லா வண்டியும் ஒரே உயரம் இல்லை. சிலதில் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டியிருக்கிறது. ஆகவே வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையே அழைத்துப் போய் ஏறி உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

"ஆடியிலே வண்டி வாங்கக் கூடாது" என்று அத்தை சொல்லிவிட்டார். அதுவும் நல்லதாகவே முடிந்தது. ஆடி முழுக்கப் பார்ப்பது, ஆவணி பிறந்ததும் வாங்குவது என்று வைத்துக்கொண்டோம். அவசரப்படாமல் ஒரு மாதம் கிடைத்தது.

நான் முதலிலேயே நோட்டில் ஒரு கோடு போட்டேன். கையில் 5,50,000 இருக்கிறது என்றால் 5,50,000-க்கு வண்டி பார்க்கக் கூடாது. 75,000-ஐத் தனியே எடுத்து வைத்துவிட்டு, வண்டிக்கு 4,75,000-தான் என்றேன். இவருக்குப் பிடிக்கவில்லை. "இன்னும் ஐம்பதாயிரம் போட்டா நல்ல வண்டியா வருமே!" என்றார். வண்டி வந்த மறுநாளே டயர் வேணும், பேட்டரி வேணும்னு நிக்கும், அப்போ யார்கிட்ட கேக்கறதுங்க என்றேன். பேசாமல் இருந்துவிட்டார்.

பெட்ரோலா, டீசலா என்பதிலும் வீட்டில் விவாதம் நடந்தது. டீசல் மைலேஜ் கொடுக்கும், உண்மைதான். ஆனால் நம் ஓட்டம் எவ்வளவு? பள்ளிக்கூடம், மார்க்கெட், ஆஸ்பத்திரி, வருஷத்துக்கு இரண்டு தடவை ஊர். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் பெரும்பாலும் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் நன்றாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். தெருவுக்குள்ளேயே ஓடினால் அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். எங்களுக்குப் பெட்ரோல்தான் என்று முடிவாயிற்று.

மூன்றாவது வாரம், பழைய கார் விற்கும் ஓரிடத்தில் 2019-ஆம் வருஷத்து வண்டி ஒன்றைப் பார்த்துவிட்டு இவர் குதித்துக்கொண்டு வந்தார். பளபளவென்று இருக்கிறதாம், ஒரே ஓனராம், 4,20,000-தானாம். அதே வருஷத்து வண்டிக்கு மற்ற இடங்களில் ஒரு லட்சம் கூடச் சொன்னார்கள். என்னைக் கேட்காமலே 10,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்!

மறுநாள் பிள்ளைகளோடு போனேன். வண்டி மணப்பெண் மாதிரிதான் நின்றது. கதவைத் திறந்ததும் குப்பென்று மல்லிகை வாசனை. இரண்டு வாசனைப் புட்டி மாட்டியிருந்தார்கள். அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை. மழைக்காலத்தில் சரியாகக் காயாத துணியை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துத் திறந்தால் வருமே, அதே வாடை. பின் சீட்டில் உட்கார்ந்த சின்னவன் இருமத் தொடங்கினான்.

"புட்டியை எடுத்துட்டுக் கண்ணாடியை எல்லாம் ஏத்தி விடுங்க, கால் மணி கழிச்சு வந்து பாக்கறேன்" என்றேன். கடைக்காரர் முகம் மாறியது. இவருக்கும் கோபம்தான். "நீ எதுலதான் குத்தம் சொல்லலே?" என்றார், எல்லோர் எதிரிலும். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் விடவில்லை. எங்கள் தெருமுனை மெக்கானிக் தம்பிக்குப் போன் செய்து வரச் சொன்னேன்.

அவர் வந்து என்ஜினைத் தொடவே இல்லை. முதலில் பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தார். நாம் ஒருநாளும் முழுசாக இழுக்க மாட்டோம் இல்லையா? உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்பாக ஒரு கறை, கோடு போட்ட மாதிரி. அப்புறம் டிக்கியின் அடியில் ஸ்டெப்னியைத் தூக்கினார். பள்ளத்தில் நைசான வண்டல் மண். சீட்டுக்கு அடியில் இரும்புக் கம்பிகளில் துரு. தரை விரிப்பு மட்டும் புத்தம் புதுசு.

"அக்கா, இது தண்ணியிலே நின்ன வண்டி. 2023 டிசம்பர்லே மிக்ஜாம் புயல் வந்துச்சே, அதுவா இருக்கலாம். இப்ப ஓடும். அப்புறம் ஒயர் உள்ளுக்குள்ளே அரிச்சு, ஒவ்வொண்ணா நிக்கும். ஏர்பேக் வெடிக்க வேண்டிய நேரத்துலே வெடிக்கும்னு யாரும் சொல்ல முடியாது" என்றார்.

இவர் வாயைத் திறக்கவில்லை. அட்வான்ஸைக் கேட்டுக் கேட்டு 6,000 ரூபாய்தான் திரும்பி வந்தது. ரசீது வாங்காதது எங்கள் தப்பு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை இன்ஷூரன்ஸ்காரர்கள் மொத்த நஷ்டமாகத் தீர்த்துவிட்டு ஏலத்தில் விடுவதும், யாராவது வாங்கிக் கழுவித் துடைத்து நம் தலையில் கட்டுவதும் நடக்கிற கதைதானாம்.

ஆவணியில் வாங்கியது 2018-ஆம் வருஷத்து நெக்ஸான். விற்றவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறவர். வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். காலையில் ஆறு மணிக்கு, என்ஜின் சூடாவதற்கு முன்பே போனோம். சூடான வண்டி சுலபமாக ஸ்டார்ட் ஆகிவிடும், ஆறின வண்டிதான் உண்மையைச் சொல்லும் என்று மெக்கானிக் தம்பி சொல்லியிருந்தார். ஸ்டியரிங்கும் பெடல் ரப்பரும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று மீட்டரோடு ஒப்பிட்டார். மீட்டர் 30,000 காட்டி, பெடல் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். எங்கள் வண்டியில் 3218. அதாவது 2018-ஆம் வருஷத்தின் 32-ஆவது வாரம் செய்தது. ஓடாவிட்டாலும் ரப்பர் கிழடாகிவிடுமே! அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தோம்.

பச்சைக் குழந்தை உள்ளவர்கள் பின் சீட்டின் மடிப்புக்குள் கையை விட்டுப் பாருங்கள். குழந்தை நாற்காலியை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றனவா? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஏர்பேக் விரியும் வேகத்துக்குப் பிஞ்சு உடம்பு தாங்காது. பின்னால்தான் உட்கார வேண்டும், அதுவும் குழந்தைக்கென்று தனி நாற்காலியில்.

காகித விஷயத்தை இவரிடமே விட்டேன், கூடவே நின்றுகொண்டு. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஆர்.சி.யில் பாங்குக் கடன் குறித்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய அபராதம் பாக்கி உண்டா என்று பரிவாஹன் தளத்தில் பார்த்துவிடலாம். வாங்கின 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், நமக்கு வராது.

நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். வண்டி 4,75,000. டயர் நாலும் 26,000. இன்ஷூரன்ஸ் முடிகிற தறுவாயில் இருந்ததால் புதிதாகப் போட 17,000. சர்வீஸ் 9,000. பேட்டரி 6,000. பெயர் மாற்றச் செலவு 4,500. மெக்கானிக் தம்பிக்கு 1,000. வராமல் போன அட்வான்ஸ் 4,000. மிச்சம் 7,500 ரூபாய் இருந்தது. அதில் சின்னவனுக்கு ஒரு புது நெபுலைசர் மாஸ்க் வாங்கினேன். இந்த மழைக்காலத்தில் இதுவரை இரண்டே தடவைதான் அதை எடுத்தோம்.