மனை முதலா, பள்ளி முதலா?



நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்துக் கீழக்குயில்குடிப் பக்கமாகச் செல்வோர் மனை விற்பனைப் பலகைகளைக் காணாமல் செல்ல முடியாது. முன்னாளில் இத்தகைய பலகைகளில் நல்ல தண்ணீர், மின்சாரம், பேருந்து வசதி என்று எழுதுவார்கள். இந்நாளில் தண்ணீர் பின்வரிசைக்குப் போய்விட்டது. ‘பள்ளிகளுக்கு மிக அருகில்’ என்பதே முன்வரிசையில் நிற்கிறது. விற்பவன் வாங்குபவனின் மனத்தை நன்கறிந்தவன் அல்லவா? ஞாயிறு திருப்பலி முடிந்தபின், “சாமி, ஒரு மனை வாங்கலாமென்று இருக்கிறோம், பிள்ளைகள் படிப்புக்கு எந்தப் பக்கம் நல்லது?” என்று என்னைக் கேட்கும் பெற்றோர் ஆண்டுதோறும் பெருகி வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்ததை இம்மாதம் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலாவது, இக்கேள்வி வீண் கேள்வியன்று. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி என்று வண்டியில் குலுங்கிச் செல்லும் பிள்ளையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்றே கொண்டாலும் 300 மணி நேரம்; பன்னிரண்டு ஆண்டுகளில் 3,600 மணி நேரம். இரவும் பகலுமாக முழுமையாய் 150 நாட்கள் அப்பிள்ளை வண்டிக்குள்ளேயே வாழ்ந்திருக்கிறது. விளையாட்டும் தாயோடு பேச்சும் மாலைச் செபமும் அந்த நாட்களில்தான் கரைந்துபோயின. மனையின் விலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிற நாம் இந்த விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கீழக்குயில்குடியைப் பற்றிச் சொன்னேன். பள்ளி என்னும் சொல்லின் வரலாறே அவ்வூரில் பாறையில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஊரை ஒட்டி நிற்கும் சமணர் மலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்னும் இடங்களில் சமணத் திருவுருவங்களும், ஏறக்குறைய 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அவற்றில் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர்களும் அவர்களுடைய மாணாக்கரும் பேசப்படுகின்றனர். பள்ளி என்பது முதலில் துறவிகள் தங்கிய இடம். அவர்களை நாடிச் சென்றோர் அங்கேயே எழுத்தும் அறிவும் பெற்றபடியால் அச்சொல் நாளடைவில் கல்விக்கூடத்துக்குப் பெயராயிற்று. ஆசிரியர் இருந்த இடத்தை நோக்கி மாணாக்கர் குடிபெயர்ந்த வழக்கம் நம் மண்ணில் அவ்வளவு பழையது. மலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் தாமரைக் குளத்தருகே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், சற்று மேலேறி அந்த எழுத்துகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஆனால் அதே ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஆங்கில அரசு பிறமலைக் கள்ளர் மக்கள்மீது ஏவியபோது, 1914-ல் முதன்முதலாக அதற்கு உட்படுத்தப்பட்டது கீழக்குயில்குடியே. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பிறப்பையே குற்றமாகக் கொண்டு பெயரையும் கைரேகையையும் பதிந்தார்கள். ஆண்கள் இரவு வேளையில் காவலர் முன்னிலையில் தம் இருப்பைக் காட்ட வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் இச்சட்டத்தை எதிர்த்து நின்றவர்களில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1947-ல்தான் அச்சட்டம் நம் மாகாணத்தில் நீக்கப்பட்டது. எந்த ஊரில் குடியிருக்கலாம் என்று நாம் இன்று ஓய்வாக உட்கார்ந்து ஆராய்கிறோம். எந்த ஊரில் இன்றிரவு படுக்கலாம் என்பதைக்கூடத் தாமே முடிவு செய்ய இயலாத மக்கள் நம் பாட்டனார் காலத்தில் இதே மண்ணில் வாழ்ந்தார்கள்.

அம்மக்களைச் சீர்திருத்துவதாகச் சொல்லி அரசு தொடங்கிய பள்ளிகளே கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். பிள்ளைகளை அனுப்புமாறு பெற்றோர் கட்டாயப்படுத்தப்பட்டனர். அவமதிப்பில் பிறந்த பள்ளிகள் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அம்மக்கள் அவற்றைத் தமதாக்கிக்கொண்டார்கள். தங்கள் முன்னோரின் நிலமும் பொருளும் உழைப்பும் அவற்றில் கலந்திருப்பதாக ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறக்குறைய 300 பள்ளிகள் இப்பெயரில் வளர்ந்தன. செக்கானூரணி மேல்நிலைப்பள்ளியை அறியாதவர் நம் பக்கத்தில் இலர். 2023-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் இப்பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தபோதும், 2024-ல் நீதிபதி சந்துரு குழு பள்ளிகளின் பெயரிலிருந்து சாதிச் சொற்களை நீக்கப் பரிந்துரைத்தபோதும் இப்பகுதியில் எதிர்ப்பு எழுந்தது. பெயர் போவதில் எனக்கு வருத்தமில்லை. சாதிப் பெயர் எந்தப் பள்ளியின் வாசலிலும் இருக்கலாகாது என்பதே என் எண்ணம். ஆனால் பள்ளி எங்களுடையது என்று ஓர் ஊரே எழுந்து நின்று சொல்லுகிறதே, அந்த உரிமையுணர்வைக் குறைவாக மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. புதிதாய்க் குடியேறும் நம் குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தெருக்கோடியில் உள்ள அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் பெயர் தெரியும்?

வெளிநாட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் குடும்பங்கள் பள்ளியைப் பார்த்தே வீடு வாங்குகின்றன. அங்கே எந்தத் தெருவில் வசிக்கிறோமோ அந்த வட்டாரத்துப் பொதுப் பள்ளியிலேயே பிள்ளைக்கு இடம். அப்பள்ளியின் செலவில் கணிசமான ஒரு பகுதி அவ்வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டின் விலை உயர்ந்தால் பள்ளி சிறக்கும். பள்ளி சிறந்தால் வீட்டின் விலை இன்னும் உயரும். ஏழை வட்டாரம் ஏழைப் பள்ளியோடு நின்றுவிடும். நம் புனித அந்தோனியாரின் பெயரைத் தாங்கிய சான் அந்தோனியோ நகரத்து ஏழைப் பெற்றோர் இதை எதிர்த்து வழக்காடினர். 1973-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்த ஏற்றத்தாழ்வு அரசியல் சட்டத்துக்கு மாறானதன்று என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலோ கோவில் சார்ந்த பள்ளிகளில் இடம் பெறுவதற்காக, அதுவரை கோவில் பக்கமே வராத பெற்றோர் சேர்க்கைக் காலம் நெருங்கும்போது ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் அமர்வதாகச் சொல்லிச் சிரிப்பார்கள். நம் பங்குகளில் இது நடப்பதில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் மாநிலத்தின் நிலை வேறு. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஊதியம் மாநில அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. நகரத்து ஆசிரியருக்கும் சிற்றூர் ஆசிரியருக்கும் ஊதிய விகிதம் ஒன்றே. ஆகவே விலையுயர்ந்த மனைக்குப் பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளி இருக்கும் என்ற நியதியும் இல்லை. மலிவான மனைக்குப் பக்கத்தில் இராது என்ற நியதியும் இல்லை. பலகையை நம்பி முன்பணம் கொடுக்குமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

இங்கே முகவரியின் மதிப்பு வேறு வழியாக வந்து சேர்ந்தது. 2009-ல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் இடங்களில் 25 விழுக்காடு நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு உரியது. வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு அதில் முன்னுரிமை. இதற்காகவே ஓராண்டு முன்னதாக வாடகை வீடு பார்ப்பவர்களும் உண்டு. அவர்களைக் குறை கூறேன். இரண்டு செய்திகளை மட்டும் நினைவூட்டுகிறேன். இச்சலுகை 8-ஆம் வகுப்போடு முடிகிறது. 9-ஆம் வகுப்பில் முழுக் கட்டணமும் ஒரே நாளில் வந்து நிற்கும். மேலும் அரசிடமிருந்து பணம் வரும் வழி எப்போதும் சீராக இருப்பதில்லை. 2025-26 கல்வியாண்டில் இச்சேர்க்கை ஜூனில் நடைபெறாமல் அக்டோபரில்தான் தொடங்கிற்று.

சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பள்ளிகளைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கட்டணம் வாங்கும் நம் பள்ளிகளின் வாசலில் நிற்கும் ஏழைப் பிள்ளையைப் பற்றி நம் மனச்சான்று என்ன சொல்லுகிறது என்பது வேறு கேள்வி. அதை நடத்துபவர்கள் ஆராய்ந்துகொள்ளட்டும்.

இன்னொரு செய்தி நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியாமல் இருப்பது எனக்குக் கவலையாயிருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடத்தை ஒதுக்கும் சட்டம் 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அவ்வாறே சட்டம் வந்தது. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் மாநகராட்சிப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிகளே. கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் 8-ஆம் வகுப்புவரை தனியார் பள்ளியில் பயின்று, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கும் இவ்வுரிமை உண்டு. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. நம் மறைமாவட்டத்துப் பள்ளிகளும் கன்னியர் நடத்தும் பள்ளிகளும் பெரும்பாலும் உதவி பெறுபவையே. காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் நம் மதுரையின் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியபோது அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே இருந்தது. 2024-லும் 2025-லும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமும் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி பயின்றோர்க்கு எட்டியது. மருத்துவ ஒதுக்கீடு மட்டும் எட்டவில்லை. அறிவுக்கூர்மையும் ஏழ்மையும் ஒருங்கே உடைய ஒரு பிள்ளையின் பெற்றோர், ‘சாமி, நம் பள்ளியா, அரசுப் பள்ளியா?’ என்று 5-ஆம் வகுப்பு முடிவில் கேட்டால், நான் தயங்காமல் அரசுப் பள்ளியைக் காட்டுகிறேன். இதனால் சில தலைமையாசிரியர்களுக்கு என்மேல் மனத்தாங்கல் உண்டு. மறைக்கல்வியை ஞாயிற்றுக்கிழமை பங்கிலே தரலாம். மருத்துவ இடத்தைப் பங்கிலே தர முடியாது.

சரி, மனை பார்க்கப் போகிறீர்கள். தரகரோடு மாலையில் போகாதீர்கள். வேலை நாளில் காலை எட்டரை மணிக்குக் கணவனும் மனைவியுமாகப் பள்ளிக்கூடத்துத் தெருவில் நில்லுங்கள். பிள்ளைகள் நடந்து வருகிறார்களா, எங்கிருந்து வருகிறார்கள், சாலையை எப்படிக் கடக்கிறார்கள் என்று பாருங்கள். உள்ளே சென்று எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர் என்று கேளுங்கள். தொடக்க வகுப்புகளில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர், நடுநிலை வகுப்புகளில் 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் வைத்த அளவு. தாள்களில் உள்ள ஆசிரியர் வேறு, வகுப்பில் நிற்கும் ஆசிரியர் வேறு, அதையும் பாருங்கள். பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதைத் தாய்மார் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். 12 வயதுக்குப் பின் பெண்பிள்ளையின் படிப்பு நிற்பதற்கு இந்த ஒன்றே காரணமாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். 5-ஆம் வகுப்புக்குப் பின் எங்கே, 8-க்குப் பின் எங்கே, 10-க்குப் பின் அறிவியல் பிரிவு எங்கே என்று வழியைக் கேட்டு வையுங்கள். இவை சரியாக இருந்தால், மனை சற்றுச் சிறியதாயினும் வாங்கலாம். பெரிய மனையை வாங்கிவிட்டுத் தவணையும் கட்டணமும் ஒருசேரக் கழுத்தை நெரிக்க, தந்தை வளைகுடா நாட்டுக்கும் தாய் இரவு வேலைக்குமாகப் பிரிந்துபோன வீடுகள் நம் பங்கிலேயே இருக்கின்றன. அந்த வீடுகளில் பிள்ளைகள் நல்ல பள்ளியில்தான் படிக்கிறார்கள். மாலையில் கதவைத் திறந்துவிட வீட்டில் ஆள் இல்லை.

பள்ளி குறையுடையதாக இருந்தால் விட்டுவிட்டு வேறு ஊர் போவதா? போகக்கூடியவர் போய்விடுகிறார், போக முடியாதவரின் பிள்ளைகளே எஞ்சுகின்றனர். கேள்வி கேட்கும் பெற்றோர் போனபின் அப்பள்ளி இன்னும் தளர்கிறது. கோத்தாரி கல்விக் குழு 1966-ல், ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் வேறுபாடின்றி ஒரே அண்மைப் பள்ளியில் பயிலட்டும் என்று பரிந்துரைத்ததன் உட்பொருள் இதுவே. அது அரைகுறையாகவே நின்றுபோயிற்று. எனினும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். சுவர், தண்ணீர், ஆசிரியர் பற்றாக்குறை ஆகிய எல்லாவற்றையும் அங்கே எழுத்தில் வைக்கலாம். மரியாயின் சேனையிலும் வின்சென்ட் தே பால் சபையிலும் கணக்கெழுதிப் பழகிய நம் தாய்மாரும் தந்தையரும் இதற்கு நன்கு தகுதியுடையவர்கள். இக்கூட்டம் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் நடப்பது வழக்கம். அது முதல் வெள்ளியாக அமைந்துவிட்டால், போகிறவர்கள் எனக்கு முன்கூட்டியே சொல்லியனுப்புங்கள். மாலைத் திருப்பலியை அரை மணி தள்ளி வைத்துக்கொள்வோம்.