நட்ட கணக்கா, பிழைத்த கணக்கா?

கென்யா நாட்டில் 'ஹராம்பே' என்றொரு சொல் வழங்குகிறது. எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்று பொருள். நம் தேர் வடம் நினைவுக்கு வருகிறதல்லவா? ஆளுக்குச் சிறு தொகை போட்டு ஊரார் பள்ளிகளே எழுப்பியதுண்டு. நைரோபிப் பல்கலைக்கழக ஆசிரியை வங்காரி மாத்தாய் அம்மையார் 1977 ஜூன் 5 அன்று ஏழு கன்றுகள் நட்டபோது, அம்முயற்சிக்கும் அச்சொல்லையே சூட்டினார். அதுவே பசுமைப் பட்டை இயக்கமாகி, ஐந்து கோடி மரங்களைக் கடந்தது. 2004-இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசும் கிட்டியது.

பரிசை விட, அவ்வியக்கத்தின் காசுக் கணக்கே என்னைக் கவர்ந்தது. நாற்று வளர்த்த கிராமத்துப் பெண்களுக்கு, நட்ட கன்றுக்கெல்லாம் காசு கிடையாது. பிழைத்து நின்ற கன்றுக்கே சில காசுகள். உடைந்த பானைகளில் விதை முளைக்க வைத்த அப்பெண்கள், அச்சில காசுகளுக்காக எத்தனை குடம் தண்ணீர் சுமந்திருப்பார்கள்!

உண்டியல் ஏந்தும் மாணவ நண்பர்களே! 'பத்து ரூபாய்க்கு ஒரு மரம்' என்று கேட்பது எளிது. ஆனால் குழி தோண்டும் செலவு சொற்பம். பிந்திய கோடைகளுக்கு வேண்டிய தண்ணீரும், ஆட்டுக்கு எதிரான வேலியுமே செலவு. அதைச் சொல்லியே கேட்போம். அடுத்த ஆண்டு, பிழைத்த எண்ணிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். எண்ணிக்கை குறைந்தால் எவரும் தரமாட்டார் என்கிறார் என் வகுப்புத் தோழர். நான் ஒப்பவில்லை. நூற்றுக்கு நாற்பதுதான் என்று மறைக்காமல் சொன்னால், மீதி அறுபது குழிகளுக்கும் காசு விழும்.